கிரகம் இல்லாத கல்

செவ்வாய்க்கிழமை காலை 6.40-க்குத் தாம்பரத்தில் திருமால்பூர் வண்டியைப் பிடித்தேன். காஞ்சிபுரத்துக்கு டிக்கெட் இருபது ரூபாய். பட்டுப்புடவை எடுக்கப் போகிறவர்களுக்கும் கோயில் பார்க்கப் போகிறவர்களுக்கும் நடுவே நான் ஒரு மோதிரக் கல்லைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். எனக்குத் தொழில் அதுதான். கல்லூரியில் இருபத்தெட்டு வருடம் நிலவியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஓய்வு பெற்றபின் வீட்டு முன்னறையில் நாலு கருவிகளை வைத்துக்கொண்டு, நகைக் கற்களைச் சோதித்து இன்ன கல் என்று எழுதிக் கொடுக்கிறேன். அந்தக் கருவிகள்தான் மடியில் இருந்த பையில் துண்டு சுற்றி இருந்தன. கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் ஒளிவிலகல்மானி, ஒரு சின்னத் தராசு, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ், நிறம் பிரித்துக் காட்டும் ஒரு குழல், அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் ஒரு திரவப் புட்டி.

செங்கல்பட்டில் வண்டி பத்து நிமிடம் நின்றது. எதிர் இருக்கையில் கல்யாணப் புடவை எடுக்கப் போகும் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. பெண்ணுக்கு அத்தை என்று சொல்லிக்கொண்ட அம்மாள் என்னிடம் என்ன வேலையாகப் போகிறேன் என்று விசாரித்தார். சொன்னதும் மோதிர விரலை நீட்டிவிட்டார்.

“பவழம்மா. செவ்வாய் தோசத்துக்குப் போட்டது. நல்லதான்னு பாத்துச் சொல்லுங்க.”

லென்ஸை வைத்துப் பார்த்தேன். “சாயம் ஏற்றின பிளாஸ்டிக்” என்றேன்.

பாலூர், பழையசீவரம் தாண்டியது. ஜன்னலுக்கு வெளியே பாலாறு மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடந்தது. அந்த அம்மாள் அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டால் பட்டென்று சொல்லிவிடுவது என் குணம். நான் அதை நேர்மை என்று நினைத்துவந்திருக்கிறேன். என் மகள் வாய்த்துடுக்கு என்பாள்.

8.35. காஞ்சிபுரம். ஒலிமுகமதுபேட்டைக்கு ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டு எண்பதுக்கு இறங்கினார். “பொடவையா மேடம்? கமிசன் இல்லாத கடை காட்டறேன்” என்றார். கல் பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். “வூடு கட்றீங்களா? ஜல்லி வேணும்னா நம்ம மச்சான் இருக்கிறான்” என்றார். அன்று முழுவதும் நான் சிரித்தது அந்த ஒருமுறைதான் என்று இப்போது தோன்றுகிறது. இல்லை, இன்னொரு முறையும் சிரித்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என்னை வரச் சொன்னவர் பாஷா பாய். மோதிரத்தில் கல் பதிப்பவர், ஐம்பது வயதிருக்கும். ஆறு வருடமாகச் சந்தேகமான கற்களை எனக்குக் கூரியரில் அனுப்புவார். நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஒரு ஆள் காலை நீட்ட முடியாத அளவு பட்டறை. மேசை மேல் ஊதுகுழல், இடுக்கிகள், வெள்ளிப் பொடி படிந்த தட்டு, நகையை ஒட்டவைக்கும்போது தூவுகிற வெங்காரம் ஒரு கிண்ணத்தில். டீ வரவழைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

“தாமல்லேர்ந்து ஒருத்தர் மேடம். ஏழுமலைன்னு பேரு. மோட்டாருக்கு காயில் கட்றவரு. இதய வால்வு கெட்டுப் போச்சு, ஆள் பாதியா எளச்சிட்டாரு. மோதிரம் வெரல்ல நிக்க மாட்டேங்குதுன்னு நூல் சுத்திப் போட்டுக்கினு இருந்தாரு. சின்னது பண்ணிக் குடு பாய்ன்னு வந்தாரு. லென்ஸ்ல பாத்தா கல்லோட அடிப்பட்டைக் கோடெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. கோமேதகம்னு சொல்றாங்க. கோமேதகத்துல அப்படித் தெரியாதே?”

தெரியாதுதான். கோமேதகத்துக்குள் நுழைகிற ஒளி ஒன்றாகவே போய் ஒன்றாகவே வரும். கோடுகள் இரட்டையாகத் தெரிந்தால் அது வேறு கல். என் மனம் அப்போதே பரபரக்கத் தொடங்கிவிட்டது.

“எனக்கு அனுப்பியிருக்கலாமே பாய்?”

“ஒத்துக்கல மேடம். ராகு திசை நடக்குது, கல்லு கண்ணு முன்னாலயே இருக்கணும்னாரு. வியாழக்கிழமை மெட்ராஸ்ல ஆபரேசன். எட்டு மாசம் காத்துக்கினு இருந்து கெடச்ச தேதி. அதுக்குள்ள மோதிரம் ஆவணும். அதான் உங்கள வரச் சொல்லிட்டேன்.”

10.15. ஏழுமலையும் அவர் மனைவி அமுதாவும் வந்தார்கள். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிப் பட்டறைப் படி இரண்டு ஏறுவதற்குள் அவர் இருமுறை நின்றார். நாற்பத்தாறு வயது என்றார்கள், பார்த்தால் என் வயது சொல்லலாம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கி முடித்ததும் சட்டையைச் சரிசெய்துகொண்டு எனக்கு வணக்கம் சொன்னார். சின்ன வயதில் வந்த காய்ச்சல் வால்வைக் கெடுத்துவிட்டதாம். ஏழு வருடம் முன்பு கடையில் மயங்கி விழுந்தபோதுதான் தெரிந்ததாம். ஜோசியர் ராகு திசை என்று சொல்ல, அமுதா தேடிப் போய் அந்தக் கல்லை வாங்கி வெள்ளியில் கட்டி, நடுவிரலில் போட்டுவிட்டிருக்கிறாள். கல்லின் அடிப்பக்கம் தோலைத் தொட வேண்டும் என்று மோதிரத்தின் அடியில் ஓட்டை விட்டிருந்தார்கள்.

“அன்னியிலேர்ந்து மயக்கம் வரலைம்மா. ஆஸ்பத்திரில கூட கழட்டச் சொன்னா கழட்ட மாட்டேன்னுட்டேன். ஆபரேசன்ல மட்டும் ப்ளாஸ்திரி போட்டு கட்டி வுடறேன்னு நர்சம்மா சொல்லியிருக்கிறாங்க” என்றார் ஏழுமலை.

பாஷா பாய் மோதிரத்தின் பற்களை மெல்ல விரித்துக் கல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். தேன் நிறம், ஓரத்தில் துளி பச்சை. நல்ல கோமேதகத்தையும் இதையும் பக்கத்தில் வைத்தால்கூட வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

10.40. சோதனையை ஆரம்பித்தேன். ஏழுமலை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டார். மீட்டர் என்றால் அவருக்கு அப்படி ஒரு ஆசை. “எனக்கும் நாளெல்லாம் மீட்டர்தான்மா வேலை. இது இன்னா காட்டும்?” என்றார். காட்டினேன். கருவியின் கண்ணாடி மேல் ஒரு சொட்டுத் திரவம், அதன் மேல் கல். உள்ளே அளவுகோலில் ஒரு நிழல் விழும். கோமேதகமாக இருந்தால் 1.74 பக்கத்தில் ஒரே நிழல். இதில் இரண்டு நிழல்கள் விழுந்தன. ஒன்று 1.67-ல், மற்றது 1.70-ஐத் தாண்டி. கல்லைத் திருப்பத் திருப்ப அவை நகர்ந்தன. அவரும் கண்ணை வைத்துப் பார்த்து, “ரெண்டு கோடு தெரியுது” என்றார்.

பிறகு எடை. 5.22 காரட். டீ கிளாஸைக் கழுவி நீர் நிரப்பி, கல்லை நூலில் கட்டித் தொங்கவிட்டு எடுத்தபோது 3.72. முன்னதை வித்தியாசத்தால் வகுத்தால் அடர்த்தி 3.48. கோமேதகம் இதைவிடக் கனம். கடைசியாக நிறம் பிரித்துக் காட்டும் குழலில் பார்த்தேன். ஒரு பக்கம் வெளிர் பழுப்பு, திருப்பினால் பச்சைப் பழுப்பு, இன்னொரு பக்கம் கரும்பழுப்பு. மூன்று நிறம். மூன்று சோதனையும் ஒரே பெயரைச் சொன்னது.

சின்ஹலைட். வகுப்பில் இருபத்தெட்டு வருடம் அந்தப் பெயரைப் பலகையில் எழுதியிருக்கிறேன். கையில் தொட்டதில்லை. படிக்கிறவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். மக்னீசியம், அலுமினியம், போரான், பிராணவாயு இவை சேர்ந்தது. போரேட் வகைக் கனிமங்களில் பெரும்பாலானவை மிருதுவானவை, சில தண்ணீரிலேயே கரைந்துவிடும். பாய் மேசையில் இருந்த வெங்காரமும் அந்தக் குடும்பம்தான். சின்ஹலைட்டோ கண்ணாடியைக் கீறும் அளவு கெட்டியாக, பட்டை தீட்டத் தகுந்ததாக உருவாகிறது. சுண்ணாம்புப் பாறைக்குள் உருகிய பாறைக்குழம்பு பாய்ந்து, அந்தச் சூட்டில் போரான் ஆவியும் கலந்தால்தான் அது பிறக்கும். உலகத்தில் அப்படி வாய்த்த இடங்களை விரல்விட்டு எண்ணலாம். இலங்கையில் இரத்தினபுரிப் பக்கத்துச் சரளை மண், பர்மாவில் கொஞ்சம், தான்சானியாவில் கொஞ்சம். ஐம்பதுகள் வரைக்கும் அதை வேறொரு பழுப்புக் கல் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். எக்ஸ்ரே வைத்துப் பார்த்த பிறகுதான் தனிக் கனிமம் என்று தெரிந்து, தீவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். இலங்கையிலிருந்து மூட்டையாக வந்த பழுப்புக் கற்களில் ஒன்றாக இது கோமேதகம் என்ற பெயரில் காஞ்சிபுரம் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் ஒரே நொடியில் என் தலைக்குள் ஓடியது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். “பாய்! இது கோமேதகமே இல்லை!” என்று கூவினேன். கைதட்டினேன் என்றுகூட நினைக்கிறேன்.

தெருவில் ஒரு தண்ணீர் லாரி பின்னால் வரும் சத்தம் கேட்டது.

“கோமேதகம் இல்லையாம்மா?” என்று கேட்டார் ஏழுமலை.

“இல்லை தம்பி. அதைவிட எவ்வளவோ அபூர்வம். என் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிறேன். சேகரிக்கிறவர்கள் இதற்காகத் தவம் கிடக்கிறார்கள்.”

“சரிம்மா. இதுக்கு எந்தக் கிரகம்?”

“எந்தக் கிரகமும் இல்லை. நவரத்தினப் பட்டியல் போட்ட காலத்தில் இப்படி ஒரு கல் இருப்பதே யாருக்கும் தெரியாதே!”

இதைப் பெருமையாகச் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டுத்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தன் நடுவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோதிரம் இருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது.

“ஏழு வருசமா ராகுவுக்கு நான் ஒண்ணுமே போடலை” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ரொம்ப நாளாக ஓடாத மோட்டாரில் எங்கே வயர் விட்டிருக்கிறது என்று கண்டுபிடித்தவர் மாதிரி நிதானமாகச் சொன்னார். “அதான் மாத்திரை துன்னும் கொறையல. அதான் போன தபா ஆபரேசன் தள்ளிப்போச்சு. கிரகமே இல்லாத கல்லைப் போட்டுக்கினு சுத்தியிருக்கிறேன்.”

அமுதா அவர் தோளைப் பிடித்தாள். அவர் எழுந்தார்.

“பாய், நல்ல கோமேதகம் ஒண்ணு பாருங்க. மேடம் மெஷின்ல பாத்துச் சொல்லட்டும். சனிக்கிழமை போட்டுக்கறேன். ஒரு மண்டலம் உடம்புல இருக்கட்டும். அப்பால ஆபரேசனைப் பாத்துக்கலாம்.”

ஒரு மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள். புதுக் கல் உடம்போடு சேர அவ்வளவு நாள் வேண்டும் என்பது இங்கே வழக்கம். ஆபரேசனுக்கு இருந்தது இரண்டு நாள். நான் வால்வுக்கும் கல்லுக்கும் சம்பந்தமே கிடையாது என்று ஆரம்பித்தேன். அவர் கை கூப்பிவிட்டுப் படி இறங்கினார். அந்தக் கல் தட்டிலேயே கிடந்தது.

அமுதா மட்டும் திரும்பி ஓடிவந்தாள். “பண்ணிட்டா நல்லாயிடுவாரு, வுட்டாதான் பயம்னு டாக்டரு சொல்லியிருக்கிறாரும்மா. இந்தத் தேதிய வுட்டா அவரு தாங்க மாட்டாரு. மத்தியானம் வூட்டுக்கு வந்து, தெரியாம சொல்லிட்டேன், கோமேதகம்தான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. உங்க காலைத் தொடறேன்” என்றாள். நான் பதில் சொல்லுமுன் அவர் கூப்பிடும் சத்தம் கேட்டுப் போய்விட்டாள்.

12.30. பாஷா பாய் எதிர்க் கடையிலிருந்து பிரியாணி வாங்கி வந்தார். இருவரும் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

“இத்தனை வருடத்தில் ஒரு பொய் அறிக்கை எழுதினதில்லை பாய்” என்றேன்.

“யாரு பொய் சொல்லச் சொன்னது மேடம்? ஏங்கிட்ட தனியா சொல்லியிருந்தா நான் பாட்டுக்கு மோதிரத்தைச் சின்னது பண்ணிக் குடுத்திருப்பேன். ஆபரேசன் ஆன அப்பால நானே சொல்லியிருப்பேன். நீங்க கல்லப் பாத்தீங்க. போட்டிருந்த ஆளப் பாக்கல.”

கூரியரில் வரும் கற்களோடு யாரும் வருவதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அது சாக்கு என்று எனக்கே தெரிந்தது. கல்லைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

2.20. பேருந்து நிலையத்தில் தாமல் வழியாகப் போகும் டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை, கண்டக்டர் வெறும் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பன்னிரண்டு, பதிமூன்று கிலோமீட்டர். பாதிக்கு மேல் பெங்களூர் நெடுஞ்சாலை. வழியெல்லாம் சொல்லவேண்டிய பொய்யை ஒத்திகை பார்த்தேன். திரவம் பழசாகிவிட்டது, வெயிலில் கருவி தப்பாகக் காட்டிவிட்டது. மாணவர்கள் இப்படிக் காரணம் சொன்னால் நான் மதிப்பெண்ணைக் குறைத்திருப்பேன்.

3.05. நிறுத்தத்தில் அமுதா நின்றிருந்தாள். என்னை வீட்டுப் பக்கம் அழைத்துப் போகாமல் ஏரிக்கரைக்கு நடத்தினாள்.

“ராகு காலம் ஆரம்பிச்சிடுச்சும்மா. நாலரை வரைக்கும். இப்பப் போய்ச் சொன்னா எடுபடாது. பஸ்சு சீக்கிரம் வரும்னு பாத்தேன்.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு உயிர் தொங்கிக்கொண்டிருக்கிறது, இவள் பஞ்சாங்கம் பார்க்கிறாள் என்று. ஆனால் காலையில் அறிவியலைக் கொண்டு நான் செய்த காரியத்துக்குப் பிறகு அவளைத் திட்டும் யோக்கியதை எனக்கு இல்லை. கரையில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். தாமல் ஏரி பெரியது, எதிர்க்கரை கண்ணுக்கு எட்டவில்லை. நடுவில் கொஞ்சம் நீர், சுற்றிலும் வெடித்த சேறு, அதில் எருமைகள். ஒன்றரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கல் வாங்கின கதையை அப்போதுதான் சொன்னாள். “எந்தக் கல்லும் பாத்து வாங்கணும்னு பசு மூத்திரத்துல ஒரு நாள் ஊறவெச்சிப் பாத்தேம்மா. நெறம் மாறினா அசல்னாங்க. மாறின மாரிதான் இருந்துச்சி. ஏங்கண்ணுக்குத் தெரியாமப் போயிடுச்சு.” பிறகு, “நான் கொண்டாந்து போட்டதுதானே” என்றாள்.

உன் மேல் தப்பில்லை அம்மா, எந்தக் கண்ணுக்கும் தெரியாது, கருவி வேண்டும் என்றேன். அவள் கேட்டமாதிரி தெரியவில்லை.

4.35. வீட்டு முன்பக்கம்தான் அவர் கடை. சுவரோடு பிரித்துப்போட்ட போர்வெல் மோட்டார்கள், செம்புக் கம்பிச் சுருள்கள், வார்னிஷ் வாசனை. ஏழுமலை ஒரு மோட்டாரின் கம்பி முனைகளில் மீட்டரின் ஊசிகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். நான் ஒத்திகை பார்த்ததை அப்படியே ஒப்பித்தேன். பாய் கடையில் மறுபடி சோதித்தேன், கோமேதகம்தான், அவசரப்பட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் தம்பி என்றேன்.

அவர் மீட்டரைக் கீழே வைத்தார். “பையில மெஷின் இருக்குதா?”

“இருக்கிறது.”

“கல்லு?”

“இருக்கிறது.”

“இன்னொரு தபா போட்டுக் காட்டுங்க.”

என் கை பையைத் திறக்கவில்லை.

“நானே பாத்தேனேம்மா, ரெண்டு கோடு. மீட்டரு பொய் சொல்லாது. அத வெச்சிப் பொழைக்கிறவன் நான்.” குரலை உயர்த்தவே இல்லை. “காலைல உங்க மூஞ்சைப் பாத்தேன். கொழந்த மாரி சிரிச்சீங்க. அது பொய் சொல்ற மூஞ்சி இல்ல. இப்பதான் சொல்றீங்க. இவ சொல்லி அனுப்பினாளா?”

அமுதா வாசலில் நின்று அழ ஆரம்பித்தாள். நான் பொய்யை விட்டுவிட்டு உண்மையைப் பேசினேன். காலையிலிருந்து பேசியிருக்க வேண்டியதைப் பேசினேன். ஏழு வருடம் உங்களைக் காப்பாற்றியது மாத்திரை, ராகு அல்ல, கல்லும் அல்ல, தயவுசெய்து நாளைக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். ஒரு அந்நிய மனிதரிடம் அப்படிக் கெஞ்சியது என் ஆயுளில் அதுதான்.

“உங்களுக்குக் கல்லு தெரியும்மா. நீங்க சொன்னத நம்பறேன். எனக்கு என் உடம்பு தெரியும். நான் சொல்றத நீங்க நம்பணும்ல? வெறுங்கையோட மயக்கமருந்து போட்டுக்கினா நான் எழுந்துக்க மாட்டேன். எனக்குப் பயமா இருக்குது.”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ராகு காலம் முடிந்து இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. செல்போனை எடுத்து மருத்துவமனை எண்ணுக்கு அடித்தார்.

“சார், தாமல் ஏழுமலை பேசறேன். வியாழக்கிழமை வால்வு ஆபரேசன்… ஆமா சார். என்னால வர முடியாது. வேற யாருக்குனா குடுத்துடுங்க சார். அவங்களுக்காவது ஆவட்டும்.” எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். “நாள் சரியில்ல சார்” என்றார். மறுபடி வரிசையில் கடைசியிலிருந்துதான் வர வேண்டும் என்றார்களாம். சரி என்று வைத்துவிட்டார்.

கல்லை அவரிடம் நீட்டினேன். வீட்டுக்குள் அது வேண்டாம் என்று அமுதா சொன்னாள். திரும்பும் வழியில் பாஷா பாயிடம் கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன். அந்த மருத்துவமனைக்கு நானே போன் செய்து பேசலாமா என்று செங்கல்பட்டு வரை யோசித்தேன். நோயாளியே வேண்டாம் என்கிறபோது யாரோ ஒரு கல் பார்க்கிறவள் பேச்சை யார் கேட்பார்கள் என்று விட்டுவிட்டேன். கேட்டிருக்க மாட்டார்கள்தான். ஆனாலும் போன் செய்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை, அதாவது ஆபரேசன் நடந்திருக்க வேண்டிய அதே காலையில், பாஷா பாய் தாம்பரத்துக்கு நேரிலேயே வந்தார். மூன்று கோமேதகம் கொண்டுவந்திருந்தார். இரண்டைத் தள்ளினேன். மூன்றாவதில் 1.74-ல் ஒரே நிழல். லென்ஸில் தேன் கரைகிற மாதிரி உள்ளோட்டம், கோமேதகத்துக்கே உரிய அடையாளம். இயற்கையான கோமேதகம், செயற்கை அல்ல என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தேன். சனிக்கிழமை அவர் அதைப் போட்டுக்கொண்டார்.

முப்பத்தோராம் நாள் பாய் போன் செய்தார். காலையில் கடையைத் திறந்து ஒரு மோட்டாரைத் தூக்கி வைக்கப் போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். பிறகு எழுந்திருக்கவே இல்லையாம்.

காரியம் முடிந்த மறுவாரம், ஒரு புதன்கிழமை, திரும்பவும் தாமல் போனேன். அதே 6.40 வண்டி, அதே இருபது ரூபாய். இந்த முறை கருவிகளை எடுத்துப் போகவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனேன். என்னால்தான் அவர் அந்தத் தேதியை விட்டார், என் வாயால்தான் என்று நேராகச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். அமுதா திட்டட்டும், அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று தீர்மானம்.

காலை 10.10. கடை பூட்டியிருந்தது. பக்கவாட்டுக் கதவு வழியாக அமுதா வந்தாள். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நான் வாயைத் திறக்குமுன் அவள் பேசத் தொடங்கிவிட்டாள்.

“நீங்க வருவீங்கன்னு தெரியும்மா. உங்கள நெனைக்காத நாள் இல்ல. அந்தப் பொய்க்கல்லோட ஆபரேசனுக்குப் போயிருந்தா மேசையிலயே போயிருப்பாரு. மொகத்தைக் கூட நான் பாத்திருக்க மாட்டேன். நீங்க வந்து சொன்னதாலதான் நல்ல கல்லு போட்டாரு. நாள் பத்தலம்மா, மண்டலம் முடியல. ஆனா அந்தக் கல்லுதான் முப்பத்தொரு நாள் அவரை இழுத்துப் புடிச்சி வெச்சிக்கினு இருந்துச்சி. முப்பத்தொரு நாள் ஏங்கையால சோறு துன்னாரும்மா. நீங்க குடுத்த நாள்மா அது. நீங்க நல்லா இருக்கணும்.”

நெற்றியில் பொட்டில்லாமல் அவள் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கொண்டுபோன மன்னிப்பைச் சொன்னால், அந்த முப்பத்தொரு நாளையும் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டதாக ஆகும். கேட்டால் பட்டென்று சொல்லிவிடுகிற நான், அவள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பதினொன்றே காலுக்குப் பஸ் இருந்தது. துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்பார்கள். அந்த வழக்கம் இருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. ஒன்றும் சொல்லாமல் எழுந்து, தெருவில் இறங்கி நடந்தேன்.